நெற்றிக்காசு

வீட்டு வேலை செய்யும் பொன்னுத்தாயி அரைத்துக் கொடுத்த சந்தனத்தைக் கணவன் மெய்யநாதனின் நெற்றியில் வட்டமாக அப்பிவிட்டு, நாகம்மை தன் இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். எதிரே, இறந்தவரின் அண்ணன் முத்தப்பன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதில் போன வருஷம் வெளிவந்த, காந்தி தலை போட்ட புது ரூபாய்க் காசு.

"வாங்கிக்கிடச் சொல்லு" என்றார் அவர், தன் மனைவி உமையாளிடம். "சந்தனம் காஞ்சா ஒட்டாது."

உமையாள் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாகம்மையிடம் அதையே சொன்னாள். அந்த வீட்டில் அப்படித்தான். மருமகளாக வந்த நாளிலிருந்து நாகம்மை கணவனின் அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் பேசியதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தாலும் சரி, பர்மாவில் கடை கைவிட்டுப் போன செய்தியானாலும் சரி, உமையாள் வழியாகத்தான் போகும், வரும்.

"காசு எங்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க ஆச்சி."

முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக்காசு. நடுவில் உட்கார்ந்த புலி, அதன் பக்கத்தில் மீன், சுற்றிலும் கிரந்த எழுத்து. அதன் முகத்தில் விரல் படாமல், விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தாள். மெய்யநாதன் அப்படித்தான் பிடிப்பார். பஸ் கண்டக்டர் தரும் சில்லறையைக்கூட அப்படித்தான் வாங்குவார். 'காசுக்கும் முகம் இருக்குல்ல. யாரு முகத்துலயாச்சும் சும்மா கை வைப்பமா?' என்று கேட்பார்.

சுற்றியிருந்த பெண்களின் அழுகை சற்றுத் தணிந்தது. அந்தக் காசை அவர்களில் பலர் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

"புலிக்காசுல்ல அது" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"உசுரோட இருக்கையில ஏமாந்தது பத்தாதா? போறப்பவும் அதைக் கட்டிக்கிட்டுப் போகணுமாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு ஆயி. மெல்லச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அவளுக்குக் காது மந்தம்.

முத்தப்பன் ரூபாயைக் கீழே இறக்கவில்லை. "செத்தவன் நெத்தியில போலிக்காசை ஒட்டி அனுப்புற வழக்கம் நம்ம வீட்டுல இல்லைன்னு சொல்லு. ஊரு பாத்துக்கிட்டு இருக்கு. நல்ல காசா வைக்கச் சொல்லு."

நாகம்மை கணவனின் முகத்தைப் பார்த்தாள். காலையில் குளிப்பாட்டியபோது தெளிவாக இருந்த முகம் இப்போது தளர்ந்து, வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. எதையோ சொல்ல வந்து, வேண்டாமென்று விட்டுவிட்டவர் மாதிரி. உயிரோடு இருந்தபோதும் அவர் முகம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் காசு வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. காரைக்குடிச் சந்தையில் பழைய வெள்ளியை உருக்க வாங்கும் ஒரு வியாபாரியின் மூட்டையில் அதைப் பார்த்துவிட்டு, மெய்யநாதன் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தார். என்ன என்று கேட்டாள். சொன்னார். அவர் கையில் அப்போது எதுவும் இல்லை. அவள் எழுந்துபோய், தன் கலியாணத்துக்குத் தாய்வீட்டில் வைத்த வெள்ளிக் குத்துவிளக்கைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். காசைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மனிதர் ஒன்றை அவ்வளவு ஆசையாகச் சொல்லி அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே அது போலி என்று ஊர் சொல்லிவிட்டது. முத்தப்பனின் மகள் கலியாணத்துக்கு வந்த, காசு பார்க்கத் தெரிந்தவர் என்று பேர்பெற்ற ஒருவர் அதைக் கையில் வாங்கிய உடனே சிரித்தார். 'ஆயிரம் வருஷத்துக் காசு இப்படி மின்னுமா? நேத்து அடிச்சதுல்ல இது' என்றார். பந்தியில் இலை எடுப்பதற்குள் அது எல்லோர் வாய்க்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் புலிக்காசு மெய்யநாதன். நிலம் விற்பதானாலும் பெண் பார்ப்பதானாலும் அவர் வாயைத் திறந்தால், 'நீ பாத்து வாங்குன லட்சணந்தான் தெரியுமே' என்று முத்தப்பன் முடித்துவிடுவார். நாளடைவில் மெய்யநாதன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். காசை அதன் பிறகு யாருக்கும் காட்டியதும் இல்லை.

"நாகம்மை, அவுக சொல்றது கேக்குதா?" என்றாள் உமையாள்.

"கேக்குது."

நாகம்மை நிமிர்ந்தாள். உமையாளைத் தாண்டி, நேராக முத்தப்பனைப் பார்த்தாள்.

"இது எங்க ஆத்தா வச்ச குத்துவிளக்கைக் குடுத்து வாங்குன காசு. நான்தான் குடுத்தேன். இதைத்தான் வைக்கப் போறேன்."

முகப்பில் உட்கார்ந்திருந்த ஆண்களின் பேச்சும் நின்றது. உமையாள் வாய் திறந்து, இதை யாரிடம் திருப்பிச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

முத்தப்பனுக்கு அவளிடம் நேராகப் பேச இன்னும் வரவில்லை. கழுத்தைத் திருப்பி முகப்பைப் பார்த்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் இங்குட்டு வாரீகளா?"

மருமகன் உடையப்பன் எழுந்து வந்தார். மதுரையில் காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். பழைய காசுகளைச் சேர்ப்பவர், அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுபவர். அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளையாக மணையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பிறகு இரண்டொரு முறை காசைக் காட்டும்படி கேட்டுப் பார்த்தார். மெய்யநாதன், 'அது எதுக்கு மாப்பிள்ளை, விடுங்க' என்று பேச்சை மாற்றிவிட்டார். மாப்பிள்ளையிடம்கூடக் காட்டப் பயம் என்று அதற்கும் வீட்டில் ஒரு சிரிப்பு.

"நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க. உங்க வாயால சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் முத்தப்பன்.

"இப்பவா மாமா?"

"இப்பத்தான். தூக்குறதுக்கு நேரமாச்சு."

உடையப்பன் தயங்கி நாகம்மையைப் பார்த்தார். மாப்பிள்ளை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நாகம்மையின் விரல்கள் காசை இறுக்கின. கொடுக்க வேண்டாம். போலியோ அசலோ, இவர்கள் பார்க்க வேண்டாம். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது. அது எதுவென்று அவளுக்கே தெரியாது என்பது. இத்தனை வருஷமும் ஊர் சிரித்தபோதெல்லாம் அவர் பக்கம் நின்றிருக்கிறாள். ஆனால் அவர் தூங்கிய பிறகு எத்தனையோ முறை, ஒருவேளை ஏமாந்துதான் போயிருப்பாரோ என்று நினைத்திருக்கிறாள். இப்போது கொடுக்க மறுத்தால் அதுவும் அந்தச் சந்தேகத்தில்தான் சேரும்.

"அவுக மேசையில பூதக்கண்ணாடி இருக்கு, மாப்பிள்ளை" என்று சொல்லிக் காசை நீட்டினாள்.

உடையப்பன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். காசை விளிம்பில் பிடித்தபடி வளவின் நடுவே, வெயில் நேராக விழும் இடத்துக்குப் போனார். பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வெளியே சங்கு ஊதுகிறவர் ஒருமுறை ஊதிவிட்டு நிறுத்தினார்.

"ரொம்பப் பளபளப்பா இருக்கே" என்றார் கடைசியில், தனக்குள் பேசுவதுபோல.

முத்தப்பன் தலையை ஆட்டினார். ஆயி, "அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள்.

உடையப்பன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. காசை விளிம்பு தெரியத் திருப்பி, மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி நகத்தால் தொட்டார். பிறகு, "யாருகிட்டயாவது ஊக்கு இருக்கா?" என்று கேட்டார். பொன்னுத்தாயி தன் ரவிக்கையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அதன் முனையால் ஓர் எழுத்தின் அடியில் லேசாகக் குத்திப் பார்த்தார். மறுபடி பூதக்கண்ணாடி. மறுபடி ஊக்கு. அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதை நாகம்மை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உருக்கி ஊத்தின வார்ப்புக் காசுன்னா விளிம்பு உருண்டையா, வழவழன்னு இருக்கும், மாமா. இதுல வெடிப்பு இருக்கு. அச்சை வச்சுச் சம்மட்டியால அடிக்கையில விழுற வெடிப்பு. அடிச்சப்போ காசு கொஞ்சம் நகந்திருக்கு, அதான் மேல பாதி எழுத்து வெட்டுப்பட்டுப் போச்சு. போலி பண்றவன் முழுசாத்தான் பண்ணுவான்." ஊக்கைத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்துப் பள்ளத்துல ஒரு கறுப்பு உக்காந்திருக்கு. பூசின கறுப்புன்னா குத்தினா உதிரும். இது உதிரல. காலம் ஏத்தின கறுப்பு."

"அப்ப?" என்றார் முத்தப்பன்.

"அசல்தான் மாமா."

பொன்னுத்தாயி ஊக்கை மாட்ட மறந்து கையில் வைத்தபடி, பாயில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாகம்மைக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அது இறங்கியதை உணர்ந்த அதே நேரத்தில் தன்மீதே கோபம் வந்தது. இவ்வளவு நாளும் இந்தச் சொல்லுக்காகவா காத்திருந்தோம்?

உடையப்பன் இன்னும் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் இப்போது வருத்தம் இருந்தது. "ஆனா யாரோ புளி போட்டு நல்லாத் தேச்சிருக்காக, அயித்தை. புலியோட முதுகு மழுங்கிப் போச்சு. மீனுக்குக் கண்ணே இல்ல. மேல இருந்த கறுப்பு அப்படியே இருந்திருந்தா, பாத்த உடனே எவனும் போலின்னு சொல்லியிருக்க மாட்டான். அந்தக் கறுப்புத்தான் இதுக்குச் சாட்சி." நிமிர்ந்தார். "எப்பத் தேச்சது இது?"

நாகம்மைக்கு அந்தக் காலைநேரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கலியாணத்துக்கு முந்தின நாள். கிணற்றடியில் வீட்டு வெள்ளி முழுவதையும் குவித்துப் போட்டுப் புளியும் சாம்பலுமாக நாலைந்து பெண்கள் விளக்கிக்கொண்டிருந்தார்கள். முத்தப்பன் தம்பியின் மேசையிலிருந்து காசை எடுத்து வந்தார். 'நாளைக்குப் பெரிய மனுசங்க பாக்க வாராக. இப்படிக் கரிப்பிடிச்சுக் கிடந்தா யாரு மதிப்பா' என்று உமையாளிடம் சொல்லி, அதை அந்தக் குவியலில் போட்டார். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. விசேஷ வீட்டில் கறுத்த வெள்ளி இருப்பது மானக்கேடு என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் வளர்ந்தார்கள். விளக்கி வந்தபோது நாகம்மைக்கே அது அழகாகத்தான் தெரிந்தது. மெய்யநாதன் வாங்கி ஒருமுறை இந்தப் பக்கம் திருப்பினார், ஒருமுறை அந்தப் பக்கம் திருப்பினார். முகம் செத்துப்போயிற்று. 'என்ன?' என்று கேட்டாள். 'ஒண்ணுமில்ல' என்றார்.

மறுநாள் ஊர் சிரித்தபோது ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அண்ணன் மகளின் கலியாணத்தில், அண்ணன் கெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அன்று சொல்லாததை அதன் பிறகு எப்போதும் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையிடம் காட்டியிருந்தால் மாப்பிள்ளை இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். காட்டாமல் இருந்தது எதற்குப் பயந்து என்று இப்போது தெரிந்தது.

என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீங்க, என்று அந்த முகத்திடம் சொன்னாள். உதடு அசையவில்லை.

"உங்க கலியாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை" என்றாள் வெளியே.

உமையாள் தன் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். முத்தப்பனின் கட்டைவிரல் காந்தி ரூபாயின் முகத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

பல்லக்குத் தயார் என்று முகப்பிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் அவரை மீட்டுவிட்டது.

"சரி. அசல்ன்னு ஆகிப்போச்சு. சந்தோசம். அப்ப அதைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு. குடும்பத்துல இருக்க வேண்டிய பொருளு. சுடுகாட்டுக்கு அனுப்புறதுக்கா?"

உமையாள் வாயைத் திறக்குமுன் நாகம்மை முந்திக்கொண்டாள்.

"போலியா இருந்த வரைக்கும் அவுக காசு. அசலானதும் குடும்பத்துக் காசா?"

"நாளைக்கு உனக்குத்தான் ஆகும்" என்றார் முத்தப்பன். உமையாள் நடுவில் இருப்பதை மறந்து நேராகவே சொல்லிவிட்டார். "பிள்ளை குட்டியும் இல்ல. கையில ஒண்ணு இருந்தா நல்லதுதானே?"

அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இரக்கம்கூட இருந்தது. அதுதான் அவளை இன்னும் நிமிர வைத்தது.

உடையப்பன் அருகில் வந்து மண்டியிட்டார். தாழ்ந்த குரலில், "அயித்தை, நான் பழைய காசு சேக்குறவன், அதனால சொல்றேன். இதுல செம்பு கலந்திருக்கு. தீயில போனா கறுத்து, நெளிஞ்சு போயிரும். எந்தச் சீமையில கொண்டுபோய்க் காட்டினாலும் அப்புறம் மதிக்க மாட்டாக. இந்த மாதிரி இன்னொண்ணை நான் பாத்ததில்ல" என்றார். காசு இன்னும் அவர் கையில் இருந்தது. கொடுக்க மனமில்லாத கை.

அவருக்காக அவள் ஒரு கணம் வருந்தினாள். மெய்யநாதன் அன்று சந்தையிலிருந்து வந்து உட்கார்ந்தபோது இதே முகந்தான்.

"நீங்க போலின்னு சொல்லியிருந்தாலும் இதைத்தான் வச்சிருப்பேன், மாப்பிள்ளை."

சொன்ன பிறகு, அது நிஜந்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது. இனி நிஜமாக்கிவிடலாம். கையை நீட்டினாள்.

உடையப்பன் காசை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

இதற்குள் நெற்றியில் இருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவள் தன் முந்தானை நுனியால் அதைத் துடைத்தாள். வெளியே மறுபடி சங்கு ஊதினார்கள்.

"நேரமாச்சுங்கிறாக, ஆச்சி" என்றாள் பொன்னுத்தாயி.

"ஆகட்டும். இன்னுங் கொஞ்சம் அரை."

கல்லில் சந்தனம் உரசும் ஓசை வளவு முழுவதும் கேட்டது. எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். முத்தப்பனும் காத்திருந்தார். புதுச் சந்தனத்தை வட்டமாக அப்பி, புலி மேலே தெரியும்படி வைத்து, முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் இரண்டு விரல்களால் அழுத்தினாள். காசு பிடித்துக்கொண்டது. மழுங்கிய புலி வெயிலில் மின்னியது.

"சுடுகாட்டுல யாரும் இதை எடுக்கக் கூடாது. அவுகளோடயே போகணும்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

முத்தப்பன் காந்தி ரூபாயை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தம்பியின் தலைமாட்டைத் தூக்கக் குனிந்தார்.

மறுநாள் காலை ஆண்கள் எலும்பு பொறுக்கிக் காடாற்றப் போயிருந்தார்கள். நாகம்மையை உள்ளறையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்து கிணற்றடிக்கு வந்துவிட்டாள். பொன்னுத்தாயி துக்க வீட்டுப் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்து உக்காந்திருக்கீகளே, பெரிய ஆச்சி வைவாக."

"வைதா வையட்டும்."

பின்கட்டுக் கதவு திறந்தது. முத்தப்பன் வந்தார். மற்றவர்கள் சுடுகாட்டிலிருந்து முன்வாசல் வழியாகத் திரும்பி, ஆண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இவர் மட்டும் இந்தப் பக்கமாக வந்திருந்தார். முழங்கை வரை சாம்பல் அப்பியிருந்தது. நகக்கண்களில் கரி. எலும்பு பொறுக்குவதற்கு இவ்வளவு சாம்பல் ஆகாது.

உமையாளைத் தேடி அவர் கண் ஒருமுறை சுற்றிலும் போயிற்று. அவள் அங்கே இல்லை.

"அவனோடயே போச்சு. சாம்பல்ல தேடினேன், கிடைச்சுச்சு" என்றார். "இந்தா, நாகம்மை."

வலது கையை நீட்டினார். அதில் காசு இருந்தது. ஒரு பக்கம் லேசாக நெளிந்து, முழுக்கக் கறுத்திருந்தது. புலி இருந்த இடம் தெரியவில்லை. அதை அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விளிம்பில் மட்டும் பிடித்திருந்தார்.

அவள் அதே மாதிரி வாங்கிக்கொண்டாள்.

"அய்ய, இப்படிக் கரியாப் போச்சே" என்று பொன்னுத்தாயி புளிக் கையை நீட்டினாள். "குடுங்க ஆச்சி. ஒரு தேய்ப்புல பளிச்சுன்னு ஆக்கித் தாரேன்."

முத்தப்பனின் சாம்பல் கை சட்டென்று குறுக்கே வந்து, பாதியில் நின்றது.

"வேண்டாம்" என்றாள் நாகம்மை.

தொட்டியிலிருந்து ஒரு செம்பு நீர் மொண்டாள். முத்தப்பன் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். வலது கையால் அவள் மெதுவாக ஊற்ற, சாம்பல் கரைந்து அவர் விரல்களுக்கு நடுவே கறுப்பாக ஓடித் துவைகல்லைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இடது கையில் இருந்த காசை, ஒரு துளியும் தெறிக்காதபடி, உடம்பை விட்டுத் தள்ளி உயர்த்திப் பிடித்திருந்தாள்.